மரகதவடிவு என்ற பெயர் வெண்பாவில் வராது

நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க சார். ஒருத்தர் வெண்பா எழுதிக் கொண்டாறாரு. அதுல பிழை இருக்கு. பிழையைத் திருத்தினா அது குத்தமா?

இல்ல, சும்மாதான் கேக்கேன். இந்த பஸ் திருநெல்வேலி போய்ச் சேர ஒண்ணேகால் மணி நேரம் ஆகும். நீங்களும் போனை நோண்டாம ஜன்னல் வழியா பாத்துக்கிட்டு வாறீங்க. போன் பாக்கிறவங்ககிட்ட நான் பேச்சே குடுக்கிறதில்ல.

என் பேரு திருமலைக்கொழுந்து. முப்பத்திரண்டு வருஷம் தமிழாசிரியரா இருந்தேன். ரிட்டயர் ஆகி ஒம்பது வருஷமாச்சு. எங்க ஊர்ல வெண்பா வட்டம்னு ஒண்ணு நடத்துதேன். மாசத்துல ரெண்டாவது ஞாயித்துக்கிழமை, நூலகத்துப் பின்பக்க ஹால்ல. மொத்தம் பதினோரு பேரு. தப்பு, இப்போ பத்துப் பேரு. அந்தப் பதினோராவது ஆளைப் பத்தித்தான் சொல்ல வாறேன்.

அவரு பேரு அணைந்தபெருமாள். போஸ்ட்மேன். அவரும் ரிட்டயர் ஆயாச்சு. ஆனா ஊருக்கு இன்னும் அவருதான் போஸ்ட்மேன். இப்ப இருக்கிற பையன் மோட்டார் சைக்கிள்ல வந்து வாசல்ல எறிஞ்சுட்டுப் போறான். அணைந்தபெருமாள் அப்படி இல்ல. நடந்து வருவாரு, கையில குடுப்பாரு, யார் எழுதியிருக்கான்னு கேட்டுட்டுத்தான் போவாரு. பன்னிரண்டு வருஷமா வட்டத்துக்கு வந்தாரு. ஒரு மாசம் தவறினதில்ல. ஒரு வெண்பா தேறினதுமில்ல. "வாத்தியாரே, இது சரியா இருக்கா?"ம்பாரு. சரியாவே இருக்காது. எனக்கு அவர் மேல ஒரு பிரியம் உண்டு. திருத்துறதுக்கு அவர்கிட்ட எப்பவும் ஏதாவது இருக்கும்.

போன தை மாசம் அவரு சம்சாரம் தவறிப்போச்சு. மரகதவடிவு. வடிவு வடிவுன்னு ஊரே கூப்பிடும். கிட்னி ரெண்டும் போயி ரெண்டு மாசம் ஆஸ்பத்திரியும் வீடுமா கிடந்துச்சு. நான் போய் மாலை போட்டேன். சுடுகாடு வரைக்கும் போனேன். எல்லா முறையும் செஞ்சேன் சார், அதைச் சொல்லிருதேன். பின்னால யாரும் குறை சொல்லக் கூடாது.

ஒம்பதாம் நாள் காலையில அணைந்தபெருமாள் எங்க வீட்டுக்கு வந்தாரு. கையில ஒரு இன்லண்ட் லெட்டர். அதெல்லாம் இப்ப அவர்கிட்ட மட்டும்தான் இருக்கும். மடிச்சு, ஓரமெல்லாம் ஒட்டி, விலாசம் எழுதுற இடத்துல ஒண்ணும் எழுதாம வச்சிருந்தாரு.

"வாத்தியாரே, ஒண்ணு எழுதிப் பாத்தேன். பதினாறுக்கு நினைவு அட்டை அடிக்கோம்லா, அதுல போடலாம்னு மக சொல்லுதா. பாத்துக் குடும்."

பிரிச்சுப் பாத்தேன். இப்பவும் மனப்பாடமா சொல்லுதேன், கேளுங்க.

ஊருக்கெல் லாம்கடிதம் ஓயாமல் தந்தகை
யாருமிலா வீட்டில் எழுதுதே – சேராத
தாளில் முதன்முதலாய்ச் சொன்னேன் மரகதவடிவே
நாளும் எழுதுவேன் நான்.

எப்படி இருக்கு? முதல் அடியப் பாத்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுட்டு. சுத்தம் சார், அப்படி ஒரு சுத்தம்! ஊருக்கெல், லாம்கடிதம், ஓயாமல், தந்தகை. ஒரு சீர் முடிஞ்சு அடுத்த சீர் தொடங்குற இடத்துல ஒரு பிசிறு இல்ல. ஊருக்கு ஓயாமல் மோனை. ரெண்டாவது அடியில யாருமிலான்னு எதுகை. தனிச்சொல்லு சேராதன்னு அங்கயும் எதுகை. இந்த மனுஷனா எழுதினாருன்னு ஒரு நிமிஷம் சந்தேகமே வந்துட்டு. "என்னவே இது! நீரா எழுதினீரு?"ன்னு கேட்டேன். அவரு மூக்கை உறிஞ்சிக்கிட்டு உக்காந்திருந்தாரு. தை மாசப் பனி, சளி பிடிச்சிருக்கும். கண்ணும் செவந்திருந்துச்சு.

கருத்தும் நல்ல கருத்துதான், நான் இல்லேங்கல. ஊருக்கெல்லாம் கடுதாசி குடுத்த கை, இப்ப ஆளில்லாத வீட்டுல உக்காந்து எழுதுது. போய்ச் சேராத கடுதாசி. சோகம் இருக்கு. ஆனா பாருங்க, மூணாவது அடிக்கு வந்தேன். தாளில், சரி. முதன்முதலாய்ச், ரொம்ப சரி. சொன்னேன், சரி. அடுத்த சீர்ல போய் முட்டிக்கிட்டேன் சார். செவத்துல முட்டின மாதிரி.

மரகதவடிவே!

உங்களுக்கு யாப்பு பழக்கம் உண்டா? இல்லையா? பரவாயில்ல, ரெண்டு நிமிஷத்துல சொல்லிருதேன். எழுத்து சேந்தா அசை. அசை சேந்தா சீர். அசையில ரெண்டு தினுசு. 'நாள்'னு தனியா நின்னா நேர். 'மலர்'னு ரெண்டு குறில் கைகோத்து வந்தா நிரை. அம்புட்டுதான் விஷயம். இப்ப இந்தப் பேரைப் பிரிங்க. மர, ஒரு நிரை. கத, ஒரு நிரை. வடி, ஒரு நிரை. வே, நேர். மூணு நிரை வரிசையா நிக்குதா? வெண்பாவுல மூணு நிரை அடுத்தடுத்து நிக்க இடமே கிடையாது. சேத்து வச்சீங்கன்னா நாலசைச் சீர் ஆயிரும், வெண்பா அதை வாசப்படி ஏற விடாது. மரகத, வடிவேன்னு பிரிச்சு வச்சீங்கன்னா தளை தட்டும். அதாவது, சீருக்கும் சீருக்கும் நடுவுல இருக்கிற பிடிப்பு விட்டுப்போகும். வேற எந்த இடத்துல வெட்டினாலும் அதே கதிதான். எனக்கு உடம்பெல்லாம் ஒரு சிலிர்ப்பு சார். முப்பத்திரண்டு வருஷம் பாடம் எடுத்திருக்கேன், வெண்பாவுக்குள்ள எந்த வழியிலயும் நுழையவே முடியாத ஒரு பேரை அன்னைக்குத்தான் பாத்தேன். அதுவும் எங்க ஊர்லயே இத்தனை வருஷம் நடமாடிக்கிட்டு இருந்திருக்கு.

அந்தச் சந்தோஷத்துல, "அணைந்தபெருமாள்! உம்ம சம்சாரம் பேரு அபூர்வமான பேருவே!"ன்னேன்.

அவரு முகம் கொஞ்சம் தெளிஞ்சுது. "ஆமா வாத்தியாரே"ன்னாரு.

"வெண்பாவுல வரவே வராது."

அவருக்குப் புரியல. நான் நோட்டை எடுத்து, பிரிச்சுப் பிரிச்சு எழுதிக் காட்டினேன். மூணு விதமா வெட்டிக் காட்டினேன். அவரு அந்த நோட்டையே பாத்துக்கிட்டு இருந்துட்டு, "அதை இப்படி வெட்டாதியும்"னாரு.

"வெட்டினாத்தானவே தெரியும்?"

"அது முழுசா இருக்கட்டும்."

சரி, வேற வழி சொன்னேன். வடிவுதானே கூப்பிடுற பேரு? 'வடிவழகே'ன்னு போடும், கச்சிதமா உக்காரும், பேரும் வந்த மாதிரி ஆச்சு, அழகும் வந்த மாதிரி ஆச்சுன்னேன். இதைவிட ஒருத்தன் என்ன செய்ய முடியும்? அவரு தலையை ஆட்டினாரு. "வடிவுன்னு ஊரே கூப்பிட்டுச்சு வாத்தியாரே. அது வேண்டாம்."

"சரி, வெண்பாவே வேண்டாம். ஆசிரியப்பாவா மாத்திருவோம். அதுல 'மரகத வடிவே'ன்னு ராஜாத்தி மாதிரி வந்து உக்காரும்."

"எனக்கு வெண்பா மட்டும்தான தெரியும். அதுவும் தெரியாது. மாசாமாசம் நோட்டைத் தூக்கிட்டுப் போறீங்களே, ஒரு வெண்பாவாவது எழுதினீங்களான்னு அவ கேப்பா. இது வெண்பாவா இருக்கணும்."

பிடிவாதம்! அப்புறம் ஒரு கதை சொன்னாரு பாருங்க. கல்யாணமாகி நாப்பத்தொரு வருஷமாம். ஒருநாள்கூட அந்தம்மாவ பேரு சொல்லிக் கூப்பிட்டதில்லையாம். 'ஏளா', 'இந்தா', அம்புட்டுதான். எங்க பக்கம் எல்லார் வீட்டுலயும் அப்படித்தான், இதுல ஒண்ணும் புதுசில்ல. ஆஸ்பத்திரியில சேக்கும்போது நர்ஸ் நோட்டை வச்சுக்கிட்டு, பேஷண்ட் பேரு என்னன்னு கேட்டிருக்கு. இவருக்கு வாய் திறக்கலையாம். ஊர்ல இருக்கிற எல்லார் பேரையும் வாசல்ல நின்னு சத்தம் போட்டுக் கூப்பிட்ட ஆளு, அங்க முழிச்சுக்கிட்டு நின்னிருக்காரு. மகதான் சொல்லியிருக்கா. கடைசி ரெண்டு நாள், காதுகிட்ட குனிஞ்சு அந்தப் பேரை ஒரு தடவை சொல்லிரணும்னு நினைச்சாராம். கட்டிலைச் சுத்தி ஆளுங்க. கூச்சமா இருந்துச்சாம். அப்புறம் சொல்லுவோம், அப்புறம் சொல்லுவோம்னு இருந்துட்டாராம்.

"அதான் வாத்தியாரே, எழுத்துலயாவது முழுசா ஒரு தடவை."

எங்க வீட்டுல காப்பி கொண்டாந்தவ, வேலம்மா, என் சம்சாரம், டம்ளரை வச்சுக்கிட்டு நிலைப்படியிலயே நின்னுட்டா. முந்தானையால மூஞ்சியத் தொடைச்சுக்கிட்டு இருந்தா. சாம்பாருக்கு வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்திருப்பா. காப்பி ஆறிப்போச்சு.

நான் சொன்னேன், "அணைந்தபெருமாள், உம்ம வருத்தம் எனக்குப் புரியுது. ஆனா இதெல்லாம் யாப்புக்கு வெளிய உள்ள விஷயம்."

அவரு எழுந்திரிச்சு, "அச்சாபீஸ்ல புரூஃப் வரும். நீரே பாத்துக் குடுத்திரும். எனக்குக் கண்ணு சரியாத் தெரியல"ன்னுட்டுப் போயிட்டாரு.

இந்த வார்த்தையைக் கவனிச்சுக்கிடுங்க சார். 'நீரே பாத்துக் குடுத்திரும்.' அவரு வாயால சொன்னது. பின்னால இதை ஒருத்தரும் கணக்குலயே எடுத்துக்கல.

புரூஃப் வந்துச்சு. மேல அந்தம்மா போட்டோ. கீழ பேரு, பிறந்த தேதி, மறைஞ்ச தேதி. அதுக்குக் கீழ வெண்பா. தலைப்பு 'இரங்கல் வெண்பா'ன்னு போட்டிருந்தான். நினைச்சுப் பாருங்க. முந்நூறு அட்டை ஊருக்குள்ள போகப் போகுது. அணைந்தபெருமாள் எங்க வட்டத்து ஆளுன்னு எல்லாருக்கும் தெரியும். ஆலங்குளத்துல, பாவூர்சத்திரத்துல எல்லாம் யாப்பு தெரிஞ்ச ஆளுங்க இருக்காங்க. திருமலைக்கொழுந்து பாத்துக் குடுத்த வெண்பாவுல நாலசைச் சீரான்னு நாளைக்கு ஒருத்தன் கேட்டா? எனக்கு விடுங்க, அந்தம்மாவுக்கு மரியாதையா? செத்துப்போனவங்களுக்குப் போடுற கவிதையில தளை தட்டலாமா?

வடிவழகேன்னு போட்டிருக்கலாம். ஆனா அவரு அது வேண்டாம்னு வாயால சொல்லிட்டாரு. வேண்டாம்னதைப் போட்டு ஒரு மனுஷன் மனசை நோகடிக்கிறவன் இல்ல நான். அதனால வேற சொல் தேடினேன். ரெண்டு நாள் தேடினேன் சார். சாப்பாடு இறங்கல. நிரையில தொடங்கணும், நிரையில தொடரணும், நேர்ல முடியணும். மூணாம் நாள் குளிச்சுக்கிட்டு இருக்கும்போது வந்து விழுந்துச்சு.

தாளில் முதன்முதலாய்ச் சொன்னேன் மலர்க்கொடியே
நாளும் எழுதுவேன் நான்.

ஆஹா! மலர், கொடி, யே. கருவிளங்காய். அடுத்து நாளும்னு நேர்ல தொடங்குது. பூட்டும் சாவியும் மாதிரி. ஈரத் துண்டோட போயி புரூஃப்ல திருத்திட்டேன். அன்னைக்குத்தான் நல்லாத் தூங்கினேன்.

பதினாறு அன்னைக்கு வீட்டு முன்னால பந்தல் போட்டு, நல்ல கூட்டம். பூசை முடிஞ்சு, பந்தி போடுறதுக்கு முன்னால அட்டைய எல்லாருக்கும் குடுத்தாங்க. வடிவுக்கு அண்ணன் ஒருத்தர், சுரண்டைக்காரரு, நல்ல ஆகிருதி, நல்ல குரல். "மாப்ள பாட்டு எழுதியிருக்காரு, வாசிக்கேன் கேளுங்க"ன்னு எந்திரிச்சு நின்னு வாசிச்சாரு. முதல் ரெண்டு அடிக்குப் பொம்பளைங்க பக்கம் விசும்பல் கேட்டுச்சு. மூணாவது அடிய வாசிச்சாரு. நிறுத்தினாரு. கண்ணாடிய சரி பண்ணிக்கிட்டு இன்னொரு தடவை வாசிச்சாரு.

"முதன்முதலாய்ச் சொன்னேன் மலர்க்கொடியே. யாரு மாப்ள இந்த மலர்க்கொடி?"

அதான் சார், எங்க ஊர்ல ஒரு மலர்க்கொடி இருக்கா. மூணாந்தெருவுல தையல் மிஷின் போட்டுப் பிழைக்கா. புருஷன் மஸ்கட்ல இருந்தவன், ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால அங்கயே இறந்துபோனான். அவன் கடுதாசிய எல்லாம் அணைந்தபெருமாள்தான் கொண்டு போய்க் குடுத்திருக்காரு. இது எனக்கு அந்த நேரத்துல ஞாபகம் வருமா? நான் சீரைப் பாத்துக்கிட்டு இருக்கேன், தெருவையா பாத்துக்கிட்டு இருக்கேன்?

பந்தல்ல ஒரே சலசலப்பு. பின்னால இருந்து ஒருத்தன், "நாளும் எழுதுவேன்னு வேற போட்டிருக்கு"ங்கான். நான் சும்மா இருக்கலாமா? ஒரு பொறுப்பு இருக்குல்ல? எழுந்து நின்னேன்.

"யாரும் தப்பா நினைக்க வேண்டாம். இது உவமையாகுபெயர். பூத்த கொடி போல இருக்கிற பெண்ணுக்கு ஆகி வந்திருக்கு. யாரையும் குறிக்காது"ன்னேன்.

"உமக்கு எப்படித் தெரியும்?"னாரு சுரண்டைக்காரரு.

"நான்தான் மாத்தினேன்."

அப்ப ஒரு அமைதி வந்துச்சு சார். நான் அதைப் பயன்படுத்தி, மூணு நிரை விஷயத்தை எல்லாருக்கும் புரியிற மாதிரி சொல்லத் தொடங்கினேன். அணைந்தபெருமாள் மக முன்னால வந்து நின்னா. கோயம்புத்தூர்ல பெரிய கம்பெனியில வேலை பாக்கா, படிச்ச பொண்ணு. "மாமா, எங்கம்மா பேரு எங்க?"ன்னு கேட்டா.

"மேல போட்டோவுக்குக் கீழ கொட்டை எழுத்துல இருக்கே தாயி."

அவ அப்பா பக்கம் திரும்பிட்டா.  அணைந்தபெருமாள் ஒரு அட்டைய எடுத்து, ரொம்ப நேரம் பாத்தாரு. என்னையும் பாத்தாரு. அப்புறம் அதைச் சட்டைப் பையில வச்சுக்கிட்டு உள்ள போயிட்டாரு. சுரண்டைக்காரங்க பாதிப் பேரு கை நனைக்காமலே வேன் ஏறிட்டாங்க. நான் சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன். நாம முறை தவறக் கூடாதுல்ல.

ரெண்டு நாள் கழிச்சு அந்த மலர்க்கொடி எங்க வீட்டுக்கு வந்தா. "ஐயா, நீங்க போட்ட பேரால நான் தெருவுல தலைகாட்ட முடியல. துணி தைக்கக் குடுத்தவங்க திருப்பி வாங்கிட்டுப் போறாங்க. அந்தப் பெரியவர் என் புருஷன் எழுதின கடுதாசியத் தவிர என்கிட்ட ஒரு துண்டுத்தாள் குடுத்ததில்ல"ன்னு அழுதா. நான் அவளை உக்கார வச்சு, பொறுமையா, ஆகுபெயர்னா என்ன, அது எத்தனை வகைன்னு விளக்கினேன். முழுக்கக் கேட்டுட்டு, "இதை என் மாமியார்கிட்ட வந்து சொல்லுங்க ஐயா"ன்னா. போயிருப்பேன் சார். அன்னைக்கு ஞாயித்துக்கிழமை, வட்டக் கூட்டம். வேலம்மாதான் போனா. மாமியார்கிட்ட என்ன சொன்னாளோ, அக்கம்பக்கத்துல என்ன சொன்னாளோ தெரியாது. ஆகுபெயரைப் பத்திச் சொல்லியிருக்க மாட்டா, அவளுக்குத் தெரியாது. ஆனா அந்த வாரமே தன்னோட மூணு ரவிக்கைத் துணிய அங்க குடுத்துட்டு வந்தா. பொறவு ஒவ்வொருத்தரா மறுபடி குடுக்க ஆரம்பிச்சாங்களாம்.

இப்ப கேளுங்க, அந்த மனுஷன் செஞ்ச காரியத்த. மிச்சம் இருந்த அட்டை எல்லாத்தையும் எடுத்து வச்சுக்கிட்டாரு. ஏற்கெனவே குடுத்ததையும் வீடு வீடாப் போயி கேட்டு வாங்கியிருக்காரு. ஒவ்வொண்ணுலயும் மலர்க்கொடியேங்கிறதை ஸ்கேல் வச்சு ஒரு கோடு போட்டு அடிச்சு, அதுக்கு மேல தன் கையால 'மரகதவடிவே'ன்னு எழுதியிருக்காரு. முந்நூறு அட்டை சார்! போஸ்ட்மேன் கையெழுத்து, முத்து முத்தா இருக்கும். கண்ணு தெரியலைன்னவரு முந்நூறு தடவை அதே பேரை எழுதியிருக்காரு. நான் கேக்கேன், ஒரு தடவை சொல்லணும்னுதான சொன்னாரு? அப்புறம் எதுக்கு முந்நூறு?

எழுதி முடிச்சுட்டு, பழைய காக்கிப் பையில போட்டுக்கிட்டு, தான் தபால் குடுத்த பழைய பீட்டுல ஒண்ணாந்தெருவுல இருந்து தொடங்கி நடந்திருக்காரு. ஒவ்வொரு வாசல்லயும் நின்னு அந்த வீட்டு ஆளு பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, கையில குடுத்துட்டுப் போனாரு. மூணாந்தெருவுல மலர்க்கொடி வீட்டு வாசல்ல நின்னு, மாமியார் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, அந்தக் கெழவி கையில குடுத்தாராம். நாலு நாள் ஆச்சு ஊரு முழுக்கச் சுத்தி முடிக்க.

எங்க வீட்டுக்கும் வந்தாரு. நான் ஈஸிசேர்ல இருக்கேன். கேட்டுக்கு வெளிய நின்னுக்கிட்டு, "வேலம்மா, தபால்!"னாரு. என் பேரைச் சொல்லல பாத்தீங்களா? அவ ஓடிப்போயி ரெண்டு கையாலயும் வாங்கினா. "வாரும்வே, உக்காரும்"னு நான் சொல்லச் சொல்ல, அவரு அடுத்த வீட்டுக்குப் போயிட்டாரு. அன்னையில இருந்து பேச்சு இல்ல. வட்டத்துக்கும் வாறதில்ல.

ஊரு பூரா இப்ப அந்தப் பிழையான வெண்பாதான் இருக்கு. நல்ல வெண்பா ஒண்ணுகூட கிடையாது. என்கிட்ட இருந்த ஒரு அட்டையையும் வேலம்மா எடுத்து அவர்கிட்டயே குடுத்துட்டா.

நான் விடுவேனா? எட்டுப் பக்கத்துக்குக் கடுதாசி எழுதினேன். பிரியமா எழுதினேன் சார், கோவமே இல்ல. நட்பு வேற, தளை வேறன்னு தொடங்கி, மரகதவடிவு வெண்பாவுல ஏன் வராதுங்கிறதை ஏழு கட்டமா நிரூபிச்சேன். பதினஞ்சு நாள் கழிச்சு ஒரு கார்டு வந்துச்சு. ஒரே வரி.

'அங்கே தட்டத்தான் வேண்டும்.'

கையெழுத்துகூட இல்ல. இதுக்கு என்ன சார் அர்த்தம்? பிழைன்னு தெரிஞ்சே வச்சிருக்கேங்கிறாரா? இல்ல, என்னைக் கிண்டல் பண்ணுதாரா? திருப்பித் திருப்பிப் பாத்தேன். கடைசியில அந்த வரியையே பிரிச்சுப் பாத்தேன். அங்கே, தேமா. அடுத்து தட்டத்தான்னு நேர்ல தொடங்குது. மாச்சீருக்குப் பின்னால நேர் வரலாமா, நிரைதான வரணும்? அந்த ஒரு வரியிலயும் தளை தட்டுது! பன்னிரண்டு வருஷம் சொல்லிக் குடுத்தது எல்லாம் வீண்.

அதான் ஒரு முடிவுக்கு வந்தேன். இந்தப் பையில இருக்கு பாருங்க, முப்பத்திரண்டு பக்கம். 'மரகதவடிவு வெண்பா: ஓர் யாப்பாய்வு.' திருநெல்வேலியில ஒரு அச்சாபீஸ்ல பேசியிருக்கேன். சிறு நூலா வந்துரும். அந்தம்மா பேரு தமிழ் யாப்புல நிலைச்சு நிக்கும், எதுக்குள்ளயும் அடங்காத பேருன்னு. இதைவிட ஒரு அஞ்சலி உண்டா? முதல் பிரதிய அவருக்குத்தான் அனுப்பப் போறேன். படிச்சா மனசு மாறும்.

வேலம்மாவா? அவளுக்கும் என்னமோ ஆயிட்டு. அவரு வாசல்ல நின்னு குடுத்த அட்டைய அவ பீரோவுல சேலைக்கு நடுவுல வச்சிருக்கா. மத்தியானம் அரிசி பொடைக்கும்போது வாய்க்குள்ளயே சொல்லிக்கிட்டு இருக்கா, ஊருக்கெல்லாம் கடிதம்னு. நாலு எழுத்து சேத்துப் படிக்க அலுத்துக்கிடுறவ. நான் காது குடுத்துக் கேட்டேன். 'சொன்னேன்' வரைக்கும் தண்ணி மாதிரி போகுது. அங்க வந்ததும் நின்னுருதா. ஒரு மூச்சு வாங்குதா. அப்புறம்தான், மரகதவடிவேன்னு, மெதுவா. பாத்தீங்களா? யாப்பு தெரியாத வாய்க்கே அந்த இடத்துல தட்டுது! இதையும் நூல்ல ஒரு அடிக்குறிப்பா சேத்திருக்கேன். பேரு போடல, 'ஒரு மூதாட்டி'ன்னு போட்டிருக்கேன்.

இன்னைக்குக் காலையில புறப்படும்போது தண்ணி பாட்டில் எடுத்துக் குடுத்துட்டு, முன்னாலயே நின்னா. கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்துல அவ என்கிட்ட யாப்புல ஒரு சந்தேகம் கேட்டதில்ல. இன்னைக்குக் கேட்டா.

"என் பேரு வெண்பாவுல வருமா?"

எனக்கு ஒரே சந்தோஷம். செருப்பைப் போட்டுக்கிட்டே சொன்னேன். "வேலம்மாள். வே, லம், மாள். மூணும் நேர், தேமாங்காய். தாராளமா வரும். எந்த அடியிலயும் போடலாம், அலுங்காம உக்காரும். ஒரு தொந்தரவும் கிடையாது."

"ஒரு தொந்தரவும் கிடையாதா?"

"ஒண்ணும் கிடையாது. இருக்கதே தெரியாது."

அவ கதவைச் சாத்திக்கிட்டு உள்ள போயிட்டா. போயிட்டு வாங்கன்னுகூட சொல்லல. நல்ல விஷயம்தான சார் சொன்னேன்? பேரு சுத்தமா இருக்குன்னா சந்தோஷப்பட வேண்டாமா?

இதோ, பேட்டை வந்துட்டு. இன்னும் கால் மணி நேரம்தான். நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே வந்துட்டேன், உங்களைப் பத்தி ஒண்ணும் கேக்கல. உங்க வீட்டுல அவங்க பேரு என்ன சார்?

சும்மா சொல்லுங்க. ஒரு நிமிஷத்துல பிரிச்சுக் காட்டிருதேன்.

என்ன சார், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டீங்க? பேருதான கேட்டேன்.